இரண்டு முடிச்சுக் கயிறு

இரண்டுமே வெள்ளை. இரண்டுமே டீசல். இடப்பக்கம் நிற்பது டாடா ஏஸ், 2016 மாடல், மேலே இரும்பு வளையம் போட்டுத் தார்ப்பாய் கட்டியது. வலப்பக்கம் அசோக் லேலண்ட் தோஸ்த், 2019, முதுகில் தகரப் பெட்டி கட்டியது. ஏஸின் நெற்றியில் விஸ்வகர்மா பூஜைக்குப் போட்ட மாலையின் நார் மட்டும் தொங்குகிறது. தோஸ்தை நேற்று ராத்திரிதான் கழுவி, டயருக்குக் கறுப்பு மை பூசியிருக்க வேண்டும். நான்கு சக்கரத்தடியிலும் மண்ணில் கறுப்பு வழிந்திருக்கிறது. விற்பனைக்கு நிற்கும் வண்டியின் டயர் மினுங்கினால் குனிந்து பார்க்க வேண்டும் என்பது பழைய வண்டி வாங்குகிறவர்களின் அரிச்சுவடி.

கொல்கத்தா டாப்ஸியாவில், பைபாஸை விட்டு உள்ளே வளையும் சந்தொன்றில் இருக்கிறது இந்தத் திடல். தகர வேலி, கம்பியில்லாத ஒரு கதவு, கதவோரம் கட்டிலில் தூங்கும் நாய். எதிரே டீக்கடை. மண் குவளையில் இஞ்சி டீயோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால், நீ யார், எதற்கு இங்கே இருக்கிறாய் என்று இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை. பேசாமல் வேடிக்கை பார்க்க இதைவிடத் தோதான ஊரை நான் கண்டதில்லை. டிசம்பர் மாதம், திடல்காரர் குரங்குக் குல்லாயை இன்னும் கழற்றவில்லை.

பத்து மணிக்கு ஒரு பழைய ஏஸ் சந்துக்குள் வந்து நின்றது. பின்கதவில் வங்காளத்தில் ஏதோ கடையின் பெயர். அதற்கு மேல், பெயின்ட் வெளிறிய தமிழில் ‘முருகன் துணை’. தொட்டியில் நாலைந்து சாக்கு, ஒரு மூலையில் கறிவேப்பிலைக் காம்பு, வாழையிலைச் சருகு. இவ்வளவு போதும், எங்கிருந்து வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ள. கொல்கத்தாவில் முருங்கைக்காயும் நாட்டு வெங்காயமும் அப்பளமும் டிகிரி காப்பித் தூளும் தேடுகிறவர்கள் போய்ச் சேரும் இடம் ராஷ்பிஹாரி அவென்யூவில் இருக்கும் லேக் மார்க்கெட். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக அதைச் சுற்றித்தான் இருக்கின்றன.

இறங்கியவர்கள் நான்கு பேர். வேட்டிக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட ஒருவர், அறுபதைத் தாண்டியவர், நெற்றியில் திருநீறு. ஜீன்ஸ் போட்ட முப்பத்தைந்து வயதுக்காரர், கையில் போன். எண்ணெய்ச் சட்டையோடு ஒரு மிஸ்திரி. மல்லிக் பஜாரிலிருந்து வழியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது. பழைய உதிரி பாகம் எதுவும் கிடைக்கும் மல்லிக் பஜாரில், வண்டியின் வயிற்றைக் கேட்டே வியாதி சொல்லும் ஆட்களும் கிடைப்பார்கள். நாலாவது ஆள் டிரைவர். தாடி நரைத்தவர், தோளில் கம்சாத் துண்டு. மற்ற மூவரும் நேராகப் புது வரவுகளைப் பார்க்கப் போனார்கள். டிரைவர் தாம் ஓட்டி வந்த வண்டியின் பின் சக்கரத்துக்கு ஒரு செங்கல்லை எடுத்து முட்டுக் கொடுத்தார். கை பிரேக் நிற்காது போலிருக்கிறது.

“மாமா, இதப் பாருங்க மாமா,” என்று இளையவர் தோஸ்தின் பக்கம் போனார்.

“பாக்கேன் மாப்ள, பாக்கேன். நீங்க மொதல்ல பாத்துட்டு வாங்க,” என்று பெரியவர் ஏஸின் பக்கம் போனார்.

அதாவது மாமனார், மருமகன். மாமனார் பேச்சில் திருநெல்வேலி அப்படியே இருக்கிறது. மருமகன் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். தமிழின் நடுவில் இந்தி வருகிறது, கோபம் வந்தால் வங்காளம் வருகிறது. இப்படிப்பட்ட ஜோடி சண்டை போட்டால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். குரல் ஏறாது. ‘நீங்க’, ‘வாங்க’ என்று மரியாதைதான் ஏறும். மரியாதை ஏற ஏறச் சண்டை முற்றுகிறது என்று பொருள்.

அவர்கள் வந்த பழைய வண்டிக்கு என்ன குறை? வண்டிக்கு ஒன்றும் இல்லை, வயதுதான் குறை. 2011-இல் பதிவானது, அடுத்த ஆண்டோடு 15 முடிகிறது. கல்கத்தா உயர் நீதிமன்றம் 2008-இல் 15 வயது கடந்த வணிக வண்டிகளைப் பெருநகரப் பகுதியிலிருந்து விலக்கச் சொன்னது. மறு ஆண்டு அது அமலுக்கு வந்தபோது பஸ், டாக்சி, ஆட்டோ, லாரி என்று ஊரே கலங்கிப் போனது. 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் கிழக்கு அமர்வும் கொல்கத்தாவிலும் ஹவுராவிலும் அத்தகைய பழைய வண்டிகளை ஆறு மாதத்துக்குள் அகற்றும்படி உத்தரவிட்டது. உத்தரவு எவ்வளவு தூரம் நடக்கிறது என்பது வேறு பேச்சு. வாங்குகிறவர் கணக்கு அதனால் மாறிவிட்டது. மற்ற ஊரில் பழைய வண்டி வாங்குகிறவர் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்பார். இங்கே எத்தனை வருஷம் பாக்கி என்று கேட்கிறார்கள். ஓடோமீட்டரைத் திருப்பிவிடலாம், பதிவுத் தேதியைத் திருப்ப முடியாது.

மருமகன் போனில் நம்பரைத் தட்டினார். எம்பரிவாகனில் வண்டியின் சாதகம் வரும்: பதிவான நாள், எத்தனையாவது உரிமையாளர், இன்ஷூரன்ஸ், எஃப்சி, பாக்கி நிற்கும் போலீஸ் கேஸ். தோஸ்தின் பேரில் கேஸ்கள் வரிசையாக நின்றன. திடல்காரர் அவற்றைக் கொசு ஓட்டுவதுபோல் கையால் ஓட்டினார். “அதெல்லாம் நான் கட்டிக் கொடுப்பேன், தாதா.”

“இது 34 வரைக்கும் ஓடும் மாமா. ஏஸ் 31 வரைக்கும்தான். மூணு வருஷம் லாபம்.”

“மூணு வருசத்துக்கு எவ்வளவு கூடக் கேக்கான்?”

மருமகன் பதில் சொல்லவில்லை. திடல்காரர் கேட்டது தோஸ்துக்கு நாலேகால் லட்சம், ஏஸுக்கு இரண்டரை.

இந்த இரண்டு வண்டிகளின் வம்சத்தையும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். கொல்கத்தாவில் சின்னச் சரக்கு வண்டி எதுவானாலும் வயதானவர்கள் வாயில் அது மேட்டடோர்தான். பஜாஜ் டெம்போவின் மேட்டடோர் தெருவிலிருந்து மறைந்து வெகுகாலம் ஆயிற்று, பெயர் இன்னும் லோடு அடிக்கிறது. அந்த இடத்தைப் பிடித்தது 2005 மே மாதம் வெளியான ஏஸ். மூன்று சக்கரச் சரக்கு ஆட்டோ வைத்திருந்தவர்களை நாலு சக்கரத்துக்கு இழுக்கவே செய்த வண்டி அது. 702 சிசி, இரண்டே சிலிண்டர், 16 குதிரைத் திறன். இன்றைய மோட்டார் சைக்கிள் சிலவற்றின் திறன்கூட அதைவிட அதிகம். தமிழ்நாட்டில் அதற்குக் குட்டி யானை என்று பெயர், வடக்கே சோட்டா ஹாத்தி. தோஸ்த் 2011-இல் வந்தது. அசோக் லேலண்டும் நிசானும் கூட்டாகச் செய்து ஓசூரிலிருந்து அனுப்பியது. ஒன்றரை லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ, காமன் ரெயில். ஏஸின் சுமை முக்கால் டன் சொச்சம், தோஸ்தின் சுமை ஒன்றேகால் டன். ஒரே தட்டில் வைக்கக்கூடிய வண்டிகளே அல்ல என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஆனால் பழைய வண்டிச் சந்தையில் ஒருவர் கையிலுள்ள பணம்தான் எந்த வண்டிக்கு எந்த வண்டி போட்டி என்று முடிவு செய்கிறது.

“ஓசூர் வண்டி மாமா. நம்ம ஊரு வண்டி.”

“ஓசூரு ஒங்களுக்கு நம்ம ஊராயிட்டா மாப்ள? சங்கரன்கோயில்லேருந்து ஓசூருக்குப் போறதுக்குள்ள ஒரு ராத்திரி போயிரும்.” பெரியவர் சிரிக்காமல் சொன்னார்.

அடுத்தது லோடு. மருமகன் விரல் மடக்கிக் கணக்குச் சொன்னார். சென்னை மெயிலில் ஹவுராவுக்கு வரும் பார்சல், தேங்காய், இலைக்கட்டு. உரித்த தேங்காய் ஒன்று அரை கிலோவுக்குக் குறையாது. முக்கால் டன் வண்டியில் சட்டப்படி ஏற்றினால் 1,500 காய், அதோடு சரி. தோஸ்தில் 2,500 ஏற்றி, மேலே இலைக்கட்டையும் போட்டுக்கொண்டு ஒரே நடையில் ஹவுரா பாலம் தாண்டிவிடலாம்.

“சட்டப்படி,” என்று பெரியவர் அந்த ஒரு சொல்லை மட்டும் திருப்பிச் சொன்னார். பழைய ஏஸின் பின் ஸ்பிரிங் பட்டைகள் வளைவு போய் நேராகக் கிடந்தன. அந்தப் பட்டை எத்தனை காய் சுமந்தது என்று அவருக்கும் தெரியும், பட்டைக்கும் தெரியும்.

மிஸ்திரி இதற்குள் வேலையைத் தொடங்கியிருந்தார். அவர் கேள்வியே கேட்கவில்லை. முதலில் தோஸ்தின் டயருக்குக் குனிந்து விரல் நகத்தால் ரப்பரைச் சுரண்டினார். மைக்குக் கீழே முன் டயர் இரண்டும் ரீட்ரேடு. பிறகு சாவியைத் திருகச் சொன்னார். முதல் திருகிலேயே பிடித்துக்கொண்டது. ஆக்ஸிலேட்டரை மிதித்து விட்டுப் புகையைப் பார்த்தார். வெளுப்பும் இல்லை, நீலமும் இல்லை. இன்ஜின் ஓட ஓட ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, தலைகீழாக அதே துளையின் மேல் சும்மா வைத்தார். மூடி லேசாக நடுங்கியதே தவிர எழும்பவில்லை. பேக் கம்ப்ரஷன் பார்க்கிற வித்தை இது. உள்ளே பிஸ்டன் வளையம் தேய்ந்திருந்தால் காற்று பின்னால் தள்ளும், மூடி துள்ளி விழும். ஆயிரக்கணக்கில் செலவழித்து ஸ்கேனர் வைத்திருக்கிறவர்களும் கடைசியில் இந்த மூடியைத்தான் வைத்துப் பார்க்கிறார்கள். மிஸ்திரி மருமகனைப் பார்த்துத் தலையாட்டினார். மருமகன் மாமனாரைப் பார்த்தார். மாமனார் வானத்தைப் பார்த்தார்.

பெட்டிக் கதவைத் திறந்ததும்தான் நிலைமை மாறியது. டீக்கடை வரை வந்தது வாடை. வண்டி மீன் அடித்திருக்கிறது. கொல்கத்தாவில் இதில் வியப்பில்லை. ஆந்திராவிலிருந்து தெர்மகோல் பெட்டியில் ஐஸோடு வரும் ரோஹுவும் கட்லாவும், கடலோரத்திலிருந்து வரும் மற்றதும் விடிவதற்குள் சந்தை சந்தையாகப் போய்ச் சேர வேண்டும் என்றால் இப்படிப் பெட்டி கட்டிய வண்டிதான் வேண்டும். கஷ்டம் வாடையில்லை, தண்ணீர். ஐஸ் உருகி ராத்திரி முழுக்கத் தரையில் நிற்கும். மிஸ்திரி ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் பெட்டித் தரையைத் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங். பின்மூலையில் டொப். அங்கே முனையை வைத்து அழுத்தினார். ஸ்க்ரூ டிரைவர் தகரத்துக்குள் இறங்கி நின்றது. வண்டியடியில் படுத்து சேசிஸையும் பார்த்துவிட்டு வந்து, “மேல் தகரம் போச்சு. சேசிஸ் நல்லாருக்கு. புதுத் தரை போடணும்,” என்றார்.

“கறிவேப்பிலையக் கொண்டுபோயி மீன் வண்டியில வச்சா யாரு வாங்குவா?” பெரியவர் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“வினிகரும் சோடாவும் போட்டுக் கழுவினாப் போயிடும் மாமா.”

“நீங்க சொன்னாச் சரிதான் மாப்ள. ஒங்களுக்குத் தெரியாததா?”

சண்டை நன்றாகவே முற்றிவிட்டது.

திடல்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரிந்துகொண்டு பெரியவரை ஏஸின் பின்னால் அழைத்துப் போய்த் தொட்டியின் இடுக்கைக் காட்டினார். பின்கதவுக் கீலில் ஒரு துண்டு வெள்ளி ஜரிகை மாட்டியிருந்தது. “மா துர்கா ஏறிய வண்டி, தாதா. குமார்துளியிலிருந்து.” இருக்கலாம். துர்கா பூஜைக்கு முன்னால் குமார்துளியில் வண்டி கிடைப்பது குதிரைக் கொம்பு. காலையில் மீன், மத்தியானம் சிமென்ட், சாயங்காலம் சோபா செட் ஏற்றும் அதே வண்டிகள் அந்த நாட்களில் பத்துக் கைகளையும் பத்திரமாக நிமிர்த்திக்கொண்டு பந்தலுக்குப் போகும், தசமி ராத்திரி பாபுகாட்டுக்கும் போகும். பெரியவர் செருப்பைக் கழற்றவில்லை. ஆனால் ஜரிகையைத் தொட்ட கையை வேட்டியில் துடைக்கவும் இல்லை.

ஏஸின் இன்ஜின் இருக்கைக்கு அடியில். மிஸ்திரி இருக்கையைத் தூக்கினார். சாவி திருகியதும் அந்த இரண்டு சிலிண்டர் சத்தம், தட தடவென்று, திடல் முழுக்க அடித்தது. மூடியைத் தலைகீழாக வைத்தார். துள்ளியது, விழவில்லை. “ஒரு வருஷம் ஒன்றரை வருஷம் ஓடும், அப்புறம் இன்ஜின் வேலை வரும்,” என்றார். பிறகு அணைத்துவிட்டுக் காலடி விரிப்பை உரித்தார். விரிப்புக்கும் தகரத்துக்கும் நடுவே, நன்றாகக் காய்ந்து வெடித்த சாம்பல் நிற மண், ஒரு விரற்கடை கனம். அவர் ஒரு சில்லை எடுத்து விரலில் நொறுக்கினார். தூசி என்றார் திடல்காரர். மிஸ்திரி பதில் பேசாமல் ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து காட்டினார். அங்கேயும் அதே சாம்பல், ஒரு கோடு கிழித்ததுபோல, பாதி உயரத்துக்கு.

2025 செப்டம்பர் 23. பூஜைக்குச் சில நாளே இருக்கும்போது ஒரே ராத்திரியில் 250 மில்லிமீட்டர் அளவில் பெய்த மழையில் ஊர் நின்றுபோன நாள். தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து பல பேர் இறந்தார்கள். தெருவில் நின்ற வண்டிகள் தண்ணீரில் முங்கின. அந்த வண்டிகளெல்லாம் என்ன ஆயின என்று அப்போது யாரும் யோசித்திருக்க மாட்டோம். காய்ந்தன, கழுவப்பட்டன, இதோ விற்பனைக்கு நிற்கின்றன.

எனக்கு அத்தோடு ஏஸ் கதை முடிந்தது என்று தோன்றியது. முடியவில்லை. “தோஸ்த் இப்படி முங்கியிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்,” என்றார் மிஸ்திரி. “அதில் கம்ப்யூட்டர், சென்சார், ஆயிரம் வயர். ஒன்று போனால் ஒன்று. இதில் அந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. ஆயில் மாற்று, டைனமோவைப் பிரித்துக் காயவை, வீல் பேரிங்கில் கிரீஸ் புதுசாக வை, ஓடு.” பிறகு திடல்காரர் காதுபடவே, “ஆனால் முங்கின வண்டிக்கு முங்கின விலை,” என்றார். நல்ல மிஸ்திரி. கொடுத்த கூலி அந்த ஒரு வாக்கியத்திலேயே வசூலாகிவிட்டது.

இவ்வளவு நேரமும் டிரைவர் எங்கே இருந்தார்? தோஸ்தில். கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, ஸ்டீயரிங்கை ஒரு விரலால் இப்படியும் அப்படியும் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பவர் ஸ்டீயரிங். கிளட்சை மிதித்து விட்டார், மறுபடி மிதித்து விட்டார். இருக்கையைப் பின்னால் தள்ளி முதுகைச் சாய்த்துப் பார்த்தார். ஏஸுக்குள் உயரமான ஆள் முழங்கால் மடக்கித்தான் உட்கார வேண்டும். அடியில் இன்ஜின் வேறு, மே மாதம் இருக்கை கொதிக்கும். பதினாலு வருஷம் அந்தச் சூட்டில் உட்கார்ந்தவர் முகத்தில் தெரிந்ததை நான் வர்ணிக்கப் போவதில்லை. யாரும் அவரிடம் எது பிடித்திருக்கிறது என்று கேட்கவில்லை. வாங்குகிறவர் ஓட்டுவதில்லை, ஓட்டுகிறவர் வாங்குவதில்லை. சரக்கு வண்டி வியாபாரமே இப்படித்தான் நடக்கிறது.

அவராகவே இறங்கினார். பழைய ஏஸுக்குப் போய், லோடு கட்டும் கயிறு ஒன்றை எடுத்து வந்தார். நைலான் கயிறு, நீலம். அதில் இரண்டு முடிச்சு. ஒரு முடிச்சைத் தோஸ்த் பெட்டியின் இடது விளிம்பில் வைத்து, “பாபு, இதைப் பிடிங்க,” என்று மருமகனிடம் கொடுத்துவிட்டு, கயிற்றை இழுத்துக்கொண்டு வலது விளிம்புக்கு நடந்தார். இரண்டாவது முடிச்சு விளிம்புக்குப் போய்ச் சேரவில்லை. அரைக் கை நீளம் குறைந்தது.

“என்ன சாச்சா இது?”

“நம்ம கேட்டு.”

அப்போதுதான் விஷயம் புரிந்தது, எனக்கும் அவர்களுக்கும். கடைக்குப் பின்னால் உள்ள சந்தில், இரும்புக் கேட்டைத் தாண்டி உள்ளே போய்த்தான் ராத்திரி வண்டி நிற்க வேண்டும், லோடும் இறங்க வேண்டும். காலையில் கிளம்பும்போதே கேட்டை அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ஒருவரிடமும் சொல்லவில்லை.

“பெட்டியக் கழட்டிரலாமே,” என்றார் மருமகன். ஓட்டைத் தகரம்தானே, எப்படியும் கழற்ற வேண்டியது.

டிரைவர் கயிற்றை முன்னால் கொண்டுபோய் கேபினை அளந்தார். கேபின் முடிச்சுக்குள் அடங்கியது. பக்கத்துக்கு மூன்று விரல் மிச்சம். கண்ணாடியை விரித்தால் அடங்காது, மடக்கினால் அடங்கும். மருமகன் முகத்தில் வெளிச்சம். “மடக்கிக்கலாம் சாச்சா. தினம் மடக்கிட்டு உள்ள போங்க.”

“போயிரலாம் பாபு. எதிரே டியூப்வெல் இருக்கே. அங்கே திருப்பணும்.” அவர் கையை வீசித் தோஸ்தின் நீளத்தைக் காட்டினார். ஏஸைவிட இரண்டடிக்கு மேல் நீளம். மடக்கி உள்ளே போன வண்டி டியூப்வெல்லைச் சுற்றித் திரும்பாது. தினமும் ரிவர்ஸிலேயே மெயின் ரோடு வரை வெளியே வர வேண்டும், விடியற்காலை நாலு மணிக்கு, இருட்டில், சந்தில் தூங்குகிற ஆட்களுக்கு நடுவே. இதை அவர் வரிசையாகச் சொல்லவில்லை. “ஆள் தூங்குவாங்க,” என்று மட்டும் சொன்னார்.

பிறகு ஏஸுக்கு வந்து கயிற்றைப் பிடித்தார். இரண்டாவது முடிச்சு விளிம்பைத் தாண்டித் தொங்கியது. சாண் அளவு தாராளம். டாடா இந்த வண்டியின் அகலத்தை 1.5 மீட்டரோடு நிறுத்திவிட்டது. இந்தியாவின் பழைய ஊர்களில் பல சந்துகளிலும் மாட்டுவண்டி போய் வந்த அகலம் ஒன்று இருக்கும், அதற்குள் அடங்க வேண்டும். பராபஜாரின் சில சந்துகளில் அந்த அகலமும் கிடையாது. அங்கே இன்றும் கை வண்டியும் தலைச்சுமையும்தான்.

பெரியவர் ஜெயித்துவிட்டார். ஆனால் ஜெயித்த முகம் இல்லை. ரெண்டு நடை அடிக்க வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். “ரெண்டு நட போயிக்கிடலாம், என்ன டிரைவர்?” என்றார். டிரைவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இரண்டு நடை என்றால் ஹவுரா பாலம் நான்கு தடவை. பெரிய லாரிகளுக்குப் பகலில் நகருக்குள் வழியில்லாததால் அந்த நேரத்தில் சின்ன வண்டிகள் எல்லாமே பாலத்தில்தான் இருக்கும். “ஹாங் மாலிக்,” என்றார். ஸ்டீயரிங்கை ஒரு விரலால் சுற்றிய அதே கை.

மருமகன் கெட்டிக்காரர். தோற்றதும் பேச்சை விலைக்கு மாற்றினார். இதில் மாமனாரும் அவரும் ஒரே கட்சி. மரியாதை குறைந்து பேச்சு சகஜமானது. இப்போது வங்காளத்தில் பேரம். முங்கின வண்டி. இன்ஜின் வேலை வரப்போகிறது. எட்டு வயது தாண்டிவிட்டதால் எஃப்சி வருஷா வருஷம் எடுக்க வேண்டும், தோஸ்துக்கென்றால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. திடல்காரர் குல்லாயைக் கழற்றினார். செப்டம்பரில் சரக்கு வண்டிகளுக்கு ஜிஎஸ்டியை 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைத்ததும் புது வண்டி விலை இறங்கி, பழைய வண்டி கேட்டு வருகிறவன் குறைந்துவிட்டான் என்று அவரே புலம்பினார். விற்கிறவர் இதை வாங்குகிறவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. மருமகன் அதைப் பிடித்துக்கொண்டார். அந்த வருஷம் வந்த ஏஸ் ப்ரோ அடிப்படை மாடல் நாலு லட்சத்துக்குள் என்று விளம்பரம் செய்யவில்லையா? அது பெட்ரோல், என்றார் திடல்காரர். ப்ரோவில் பெட்ரோல் உண்டு, கேஸ் உண்டு, மின்சாரம் உண்டு, டீசல் கிடையாது. தேங்காய் ஏற்றுகிறவன் டீசலை விட்டுப் போவானா, என்று கேட்டார். போக மாட்டான்தான். ஆனால் போய்விடுவேன் என்ற முகத்தை மருமகன் நன்றாகவே வைத்திருந்தார்.

இரண்டரையில் தொடங்கியது ஒன்று எண்பதில் நின்றது. நான்கு புது டயர், புதுசாக எடுத்த எஃப்சி, பழைய வண்டியைத் திடல்காரரே எடுத்துக்கொள்வது, எல்லாம் சேர்த்து. தோஸ்தை அதற்குள் இன்னொரு கூட்டம் வந்து பார்க்கத் தொடங்கியிருந்தது. பெட்டிக் கதவைத் திறந்து முகர்ந்து பார்த்து அவர்கள் முகம் சுளிக்கவில்லை. மீன்காரர்கள்.

திடல் பையன் ஏஸின் சேசிஸ் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தான். கறுப்புக்கு நடுவே எண்கள் வெள்ளையாக எழுந்து வந்தன. மருமகன் போனில் உள்ள எண்ணோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. மாமனார் இடுப்பிலிருந்து எடுத்து அட்வான்ஸ் கொடுத்தார். மருமகன் கையால் கொடுக்கச் சொல்லி அவரிடம் நீட்டித்தான் கொடுத்தார்.

பதிவு 2016 மார்ச். கொல்கத்தாவில் அந்த வண்டி 2031 மார்ச் வரை ஓடலாம்.